இருங்காட்டுக்கோட்டை வெயிலில் ஒரு ரோட்டுக் கார்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே பற்றி, வேகமான கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வண்டி எவ்வளவு பவர்?" இரண்டாவது, "டாப் ஸ்பீடு எவ்வளவு போச்சு?" பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஷோரூமிலிருந்து வந்த காரை டிராக்கில் ஓட்டுவது, என் அனுபவத்தில், முக்கால்வாசி சூட்டைச் சமாளிக்கும் வேலைதான். பவர் ஏற்கெனவே இருக்கிறது, அதற்காகத்தானே காசு கொடுத்தோம். அந்தப் பவர் கிளப்பும் சூடு எங்கே போகிறது, ஆற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் மாலை வரை ஓட்டிவிட்டு அதே காரில் வீட்டுக்குப் போகிறார். மற்றவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லாரிக்குப் போன் போடுகிறார்.

நான் போவது இருங்காட்டுக்கோட்டைக்கு. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், ஹுண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே ஊர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. 1953இல் தொடங்கிய கிளப், பல வருடங்கள் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவிட்டு, 1990 வாக்கில் இங்கே சொந்த டிராக்குக்கு வந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்றுதான் சொல்வார்கள். ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 கார்னர். கார்னர்களை சி1, சி2 என்று எண்ணால்தான் கூப்பிடுவார்கள்.

என் கார் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், முன்சக்கர இழுவை, 245 குதிரைத்திறன். நானும் உட்கார்ந்தால் ஏறக்குறைய 1,500 கிலோ. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இங்கே சொல்வதெல்லாம் ரோட்டில் ஓட்டுவதற்காகச் செய்த எந்தக் காருக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. டிராக்கில் மெயின் ஸ்ட்ரெய்ட் என்னும் நீளமான நேர்ப்பாதை முடிவில் 180 கி.மீ. வேகத்தில் வந்து, 80க்கு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிலோ வண்டிக்கு அந்த ஒரே பிரேக்கில் சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஐந்து லிட்டர் பிடித்துக் கொதிக்க வைக்க அது போதும். இது நாலைந்து வினாடியில் நடக்கிறது. அதில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரத்தின் இரண்டு டிஸ்க்குகள் தலையில். அடுத்த கார்னரில் இன்னொரு தடவை, அதற்கடுத்ததில் இன்னொரு தடவை. நெடுஞ்சாலையில் இப்படி ஒருமுறை அழுத்திப் பிடித்தால் அப்புறம் பத்து நிமிடம் காற்று வாங்க நேரம் கிடைக்கும். டிராக்கில் அது கிடையாது.

இதே கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 180க்குப் பதில் 160இல் வந்து 80க்கு இறக்கினால் சூடு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வரும் லாபம் இது. ஸ்ட்ரெய்ட்டின் கடைசித் துண்டில் கொஞ்சம் முன்பே ஆக்சிலரேட்டரை விட்டால் லேப்பில், அதாவது ஒரு சுற்றில், போவது பத்தில் ஒன்றிரண்டு வினாடிதான். டாப் ஸ்பீடு கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன், அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

சூடு ஏறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். மிதி கல் மாதிரி கெட்டியாக நிற்கும், ஆனால் வண்டி நிற்காது. இது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டதன் அடையாளம். இன்னொன்று, மிதி பஞ்சாகி, நீளமாக உள்ளே போகும். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிட்டது என்று அர்த்தம். முதலாவது கொஞ்சம் கொஞ்சமாக வரும், மூன்று நான்கு பிரேக்குக்கு முன்பே சொல்லிவிட்டு வரும். பெரும்பாலும் பேட் கருகும் நாற்றமும் சேர்ந்து வரும். இரண்டாவது ஒரு கார்னரில் நன்றாக இருந்து அடுத்த கார்னரில் தரையைத் தொடும். ஒரு ஏப்ரல் மாதக் காலையில் சி1க்கு முன்னால் என் காரில் மிதி வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கீழே போனது. இரண்டு தடவை வேகமாக மிதித்து விட்டதும் மேலே வந்தது. அந்த லேப்பை மெதுவாக முடித்து, கையை வெளியே தூக்கிக் காட்டிவிட்டு, டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் பிட்டுக்குள் வந்துவிட்டேன். அந்த நொடியில் மிதியைப் பம்ப் செய்ய வேண்டும் என்பது கைகாலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 155 டிகிரியோடு திருப்தி அடைகிறது. நம் கடலோர ஈரக் காற்றில் இரண்டு வருட ஆயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரேஸுக்கென்று வரும் ஆயில்கள் உண்டு. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்றால் புதிதில் 312 டிகிரி. சின்ன டப்பாவில் கிடைப்பதுதான், முதல் டிராக் டேக்கு முன்னால் பணம் செலவழிக்க ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். மெக்கானிக்கிடம் "பழசை முழுசா எடுத்துட்டு, நாலு சக்கரத்துலயும் ப்ளீட் பண்ணுங்கண்ணே" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே தொட்டியில் மட்டும் ஊற்றி அனுப்பினால், சக்கரத்தில் பேடை அழுத்தும் கேலிப்பரில் பழசுதான் இருக்கும், கொதிப்பதும் அங்கேதான். டாட் 5 என்று எழுதிய சிலிகான் ஆயில் வேறு ஜாதி, டாட் 4 ஓடும் காரில் அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 அப்படியல்ல, அது டாட் 4 குடும்பம்.

பேட் விஷயத்தில் ஆசைப்பட்டு முழு ரேஸ் பேட் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்திருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டுத் தெருவில் குறுக்கே ஒரு நாய் வந்தால் தெரியும். ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கும் பேட் போதும். கொஞ்சம் கிறீச்சிடும், வீலில் கரித்தூள் அதிகம் படியும், அவ்வளவுதான்.

முன்சக்கர இழுவைக் கார்களில் இன்னொரு சங்கதி. பல கார்களில் எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் என்று விளம்பரப்படுத்துவது, கார்னரில் உள்பக்கச் சக்கரம் வழுக்கும்போது அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானாகப் பிடிப்பதுதான். நாம் மிதியைத் தொடாமலே முன் பிரேக் சூடாகிறது. கார்னரிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அவசரமாக அமுக்குபவர் காரில் இது இன்னும் அதிகம். கொஞ்சம் பொறுத்து, ஸ்டியரிங்கை நேராக்க நேராக்கக் காலை அமுக்கினால் டயரும் பிழைக்கும், பிரேக்கும் பிழைக்கும்.

டயருக்கு வருவோம். காலையில் 33 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு போனால், நாலு வேகமான லேப் முடிந்து வரும்போது 40, 41 காட்டும். அந்த நிலையில் கார் ஐஸ் மேல் போவது போல ஓடும், புதிதாக வருபவர்கள் டயர் கம்பெனியைத் திட்டுவார்கள். சூடாக இருக்கும்போதே அளந்து, காற்றை இறக்கி, 36, 37க்குக் கொண்டு வருவேன். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும், அதாவது டிராக்கில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும், பார்க்க வேண்டும், அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. கோடு மேலே அப்படியே இருந்தால் காற்று அதிகம். டிராக் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடுவதால் இடது முன் டயர்தான் அதிகம் தேயும், அதை முதலில் பாருங்கள். நைட்ரஜன் போட்டால் அழுத்தம் ஏறாது என்று பங்க்கில் சொல்வதை நம்ப வேண்டாம். அதுவும் காற்று ஏறும் அளவுக்குத்தான் ஏறும். காற்றில் ஈரம் இருந்தால் கொஞ்சம் வித்தியாசம் வரும், கேஜ் கையில் இருந்தால் அதுவும் கவலையில்லை.

டிராக் டேக்கென்று புது டயர் போட்டு வருபவர்கள் உண்டு. காய்ந்த தரையில் பாதி தேய்ந்த நல்ல டயர் அதைவிட மேல். ஆழமான ரப்பர்க் கட்டைகள் நெளிந்து நெளிந்து சூடேறி, ஓரத்தில் பிய்ந்து வரும். மழை நாளில் மட்டும் இந்தப் பேச்சு தலைகீழ்.

ஒரு நாள் 380 குதிரைத்திறன் ஜெர்மன் செடானில் வந்த ஒருவர் என் குழுவில் இருந்தார். அதே குழுவில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக், 2000களின் தொடக்கத்தில் வந்த அந்த 106 குதிரைத்திறன் மாடல். சென்னையில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு லேப் ஜெர்மன் கார் ஸ்ட்ரெய்ட்டில் பறந்தது. மூன்றாவது லேப்பிலிருந்து கார்னருக்குக் கார்னர் சிட்டி ஒட்டிக்கொண்டே வந்தது. ஐந்தாவதில் பெரிய கார் கையைக் காட்டி வழிவிட்டது. பிட்டில் அதன் முன் சக்கரங்களிலிருந்து புகை. சிட்டியை ஓட்டிய பெரியவர் போனட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு டன் சொச்சம் எடையுள்ள காருக்கும் 1,700 கிலோ காருக்கும் நான் மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்தப் பெரியவரிடம் நான் கேட்டபோது சொன்னார்: "தம்பி, பிரேக்க பிடிக்கிறது எல்லாருக்கும் வரும். விடுறதப் பழகுங்க."

அதன் அர்த்தம் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. நேராக இருக்கும்போதே பலமாகப் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப மிதியை மெதுவாக விட்டுக்கொண்டே வர வேண்டும். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். பிரேக்குக்குக் கொடுப்பதைக் குறைத்தால்தான் திரும்புவதற்குக் கிடைக்கும். சட்டென்று விட்டால் மூக்கு தூக்கி, முன் டயர் தரையைக் கைவிட்டு, கார் நேராகப் போகப் பார்க்கும். இன்னொரு பக்கம், வேகமான கார்னரின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் முன்சக்கர இழுவைக் காரும் பின்பக்கத்தைத் தூக்கி வீசும். கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுவதில் வீரம் ஒன்றுமில்லை, ஸ்போர்ட் மோடில் விட்டால் போதும். அது அடிக்கடி குறுக்கே வருகிறது என்றால் உங்கள் கையும் காலும் முரட்டுத்தனமாக இருக்கின்றன என்று அது சொல்கிறது. இலவச வாத்தியார்.

பார்வை பற்றி எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர்க் கார்களுக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன். வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் வலது கார்னரின் உள்விளிம்பு நம் காலடியில் தெரியும். இடது கார்னரில் அது போனட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மீட்டர் தள்ளி. அதனால் இடது திருப்பங்களில் நாம் எல்லோருமே உள்விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே போவோம். போனில் எடுத்த வீடியோவை வீட்டில் பார்த்தால் தெரியும். பக்கத்து சீட்டில் யாரையாவது உட்கார வைத்து "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று சொல்ல வைப்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து.

டிராக் டே ரேஸ் கிடையாது. காலையில் விளக்கக் கூட்டத்தில் கொடிகளைச் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நின்றது, மெதுவாக பிட்டுக்கு வா. நீலம், பின்னால் வேகமான கார். மஞ்சளில் சிவப்புக் கோடு, தரையில் ஆயிலோ மண்ணோ. முந்துவது ஸ்ட்ரெய்ட்டில் மட்டும், முன்னால் போகிறவர் கையோ இண்டிகேட்டரோ காட்டினால் மட்டும். ஒவ்வொரு லேப்பிலும் கொடி காட்டும் மார்ஷல் நிற்கும் இடங்களை ஒருமுறை கண்ணால் தொட்டுவிட்டுப் போகப் பழகினால் கொடி தவறாது.

15 நிமிட செஷனை நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் லேப் சூடேற்ற, நடுவில் மூன்று அல்லது நான்கு லேப் வேகமாக, கடைசி லேப் ஆற. ஆறும் லேப்பில் பிரேக்கையே தொடாமல் வர முயற்சி செய்யுங்கள். காற்று டிஸ்க்குக்குள் போக வேண்டும், டர்போவும் அதில் ஆறிவிடும். எஞ்சின் ஆயில் சூடு காட்டும் காராக இருந்தால் 130 டிகிரியைத் தாண்டும்போது செஷன் பாதியில் இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் பேட் பதிந்து, அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கார் நடுங்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். மிதியிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள்.

மார்ச் முதல் ஜூன் வரை பத்து மணிக்கு மேல் தார் தொட முடியாது. டர்போ எஞ்சின் சூடான காற்றை இழுத்தால் கம்ப்யூட்டர் தானாகப் பவரைக் குறைத்துவிடும், விரட்டிப் பயனில்லை. என் நல்ல லேப்கள் எல்லாம் முதல் இரண்டு செஷனில் வந்தவைதான். மதியத்துக்கு மேல் நேரத்தைத் துரத்தாமல், ஒரு கார்னரை மட்டும் எடுத்துக்கொண்டு பழகுவேன்.

சூடு ஓட்டுபவருக்கும்தான். கண்ணாடி இறக்கி, ஏசி அணைத்து, முழுக்கைச் சட்டை, ஹெல்மெட். சட்டை பருத்தியாக இருக்கட்டும், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டும். ஹெல்மெட்டில் ஸ்னெல் எஸ்ஏ முத்திரை என்பது கார் ரேஸுக்கானது, உள்துணி தீயைத் தாங்கும். பைக் ஹெல்மெட்டை அனுமதிக்கும் இடங்கள் உண்டு, தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் எஸ்ஏ வாங்கிவிடுங்கள். காலையில் இட்லி. பொங்கல் வேண்டாம், இரண்டாவது செஷனில் கண் சொருகும். மோரும் உப்புக் கரைசலும் டிக்கியில் இருக்கட்டும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் புள்ளி ஒவ்வொரு லேப்பிலும் இடம் மாறத் தொடங்கினால் தாகம் எடுக்காவிட்டாலும் நீங்கள் களைத்துவிட்டீர்கள்.

காருக்குள் ஆடும் எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டுநர் பக்க மிதியடி, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி, எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் எடுத்துப் பையில் வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். முன்னால் இழுவைக் கொக்கியைத் திருகி வைத்துவிடுங்கள், மண்ணில் இறங்கினால் மார்ஷலுக்கு வேலை சுலபம். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிப் பாருங்கள், மதியம் ஒருமுறை திரும்பவும். பெட்ரோல் லிட்டருக்கு மூன்று நான்கு கி.மீ.தான் கொடுக்கும். கால் டேங்குக்குக் கீழே போனால் நீளமான கார்னரில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் திணறக்கூடும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள். தனியார் கார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அங்கே எழுதியிருக்கும். ஆகவே சுவரில் மோதினால் செலவு நம்முடையது. ஓட்டும்போது எனக்குப் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணம் இது, என்னை வேகமாக்கவில்லை, ஆனால் சிக்கனமாக்கியிருக்கிறது.

கிளம்பும் முன் டயருக்குக் காற்று அடியுங்கள். சூட்டில் 36 ஆக இறக்கியது, ஆறியதும் 29க்கு வந்துவிடும். அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் போகக் கூடாது. மறுநாள் சக்கரத்தைக் கழற்றி பேடைப் பாருங்கள். கனம் பாதிக்குக் கீழே வந்திருந்தால் நகருக்குள் இன்னும் பல மாதம் ஓடும்தான், டிராக்குக்கு அதே பேடோடு திரும்பப் போக வேண்டாம். பேட் மெலிந்தால் டிஸ்க்கின் சூடு கேலிப்பர் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் சீக்கிரம் ஏறிவிடும். டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருக்கிறதா, கேலிப்பர் ரப்பர் உறை கருகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.